தனியாகச் செய்த காரியம்

பதினெட்டு நாட்களாக என் கட்டுரையில் இருந்தது ஒரே ஒரு சொல். நான். அதையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் ஒற்றை எழுத்துதான். கைப்பேசித் திரையில் அது ஒரு கோடாக நிற்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விட்டுவிட்டு மினுக்கும். எழுதுடி, எழுதுடி என்று அது என்னை விரட்டுகிற மாதிரி இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு முறை கைப்பேசியைத் தலையணை மேல் வீசியிருக்கிறேன். தரையில் வீசாததற்குக் காரணம், அது அப்பாவுடையது.

விஷயம் இதுதான். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். அரசுப் பள்ளியில் படித்த இருபது பேரை வருடா வருடம் தேர்ந்தெடுத்து, படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறார்கள். அவர்களுடைய தேர்வை எழுதித் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரு கட்டுரை. ஜனவரி கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்பா மறைக்கவில்லை. அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் இருக்கிறார். "இந்த வருஷம் என்னால முடியாது சௌமியா. ஒரே ஒரு வருஷம் கம்பெனிக்கு வா. அடுத்த வருஷம் சேந்துக்கலாம்" என்றார். அப்படி ஒரு வருஷம் என்று போன அக்காக்கள் எங்கள் தெருவில் நான்கு பேர். ஒருத்தியும் திரும்பிப் படிக்க வரவில்லை. கம்பெனியைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டு உலை அதில்தான் கொதிக்கிறது. ஆனால் எனக்குக் கணிதம் படிக்க வேண்டும். பைத்தியம் மாதிரி வேண்டும்.

அவர்கள் கேட்ட கேள்வி: 'பிறர் உதவியின்றி, முழுக்க உங்கள் சொந்த முயற்சியில் நீங்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி அறுநூறு சொற்களுக்குள் எழுதுங்கள்.'

படித்தவுடன் இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான்.

முதலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பள்ளியிலேயே முதலிடம். தனியாகப் படித்துத்தானே வாங்கினேன்? இரண்டு வரி ஓடியது. அப்புறம் எதிர்வீட்டுச் சவுரி அத்தை உள்ளே நுழைந்துவிட்டார். எங்கள் வீட்டில் மின்விசிறி கெட்டுக் கிடந்த அந்த மார்ச் மாதம் முழுக்க அவர் வீட்டு முன்னறையில்தான் படித்தேன். நான் இருக்கிற வரைக்கும் அவர் சீரியல் பார்க்கவில்லை. அதில் ஒரு மாமியார் செத்தே போய்விட்டாளாம், அதுகூட அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு வரியை அழித்தேன்.

மாவட்டக் கணிதப் போட்டியை எடுத்தேன். வேலூர் போய் வந்தது தனியாகத்தான். ஆனால் போட்டுக்கொண்டு போன செருப்பு பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் ஆன்ட்டியுடையது. வழியில் அறுந்துவிடக் கூடாது என்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பாதி அறுந்திருந்த என்னுடையதை மாட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனார். அதையும் அழித்தேன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை எழுதலாமா என்றால் சைக்கிளே வேறு யாருடையதோ. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருத்தர் நின்றுகொண்டு பல்லைக் காட்டினார். எனக்கு அவர்கள் மேலேயே ஆத்திரம் வந்தது. கொஞ்சம் நகர்ந்து நில்லுங்களேன், நான் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

பிரேம்நாத் சார் என்று ஒருவர் பெங்களூரிலிருந்து எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் வழிகாட்டுகிறார். தங்கமான மனிதர், ஆனால் கறார். "ஒரு வரிகூட நான் எழுதித் தர மாட்டேன். கமா தப்பா இருந்தா சொல்லுவேன், அவ்ளோதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, கதையில நீதான் ஹீரோ" என்றார். என் வகுப்பு நவீன்குமாரும் விண்ணப்பித்திருந்தான். ஏதோ ஒரு ஆப்பில் கேட்டு எழுதி வாங்கி எனக்கும் அனுப்பினான். 'எங்கள் ஊரின் காற்றில் தவழும் தோலின் இனிய நறுமணம்' என்று ஆரம்பித்தது. பச்சைத் தோல் நாறுகிற ஊர் எங்களுடையது. எழுதின ஆப்புக்கு மூக்கு கிடையாது என்று மட்டும் பதில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆயிற்று. இன்னும் 'நான்' மட்டும்தான்.

அன்றைக்குப் பார்த்து அம்மாவின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. அம்மா கெங்கம்மாள், வீட்டிலேயே அப்பர் தைக்கிறாள். அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். கம்பெனியிலிருந்து வெட்டி, ஓட்டை போட்டு அனுப்பும் துண்டுகளை மெழுகு நூலில் கையால் இழுத்துத் தைத்துச் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இதுதான் வேலை. ஏஜென்ட் நிசார் பாய் பையில் கொண்டுவந்து கொடுப்பார், நாள் குறித்து வாங்கிப்போவார். இந்த முறை இருபது ஜோடி, ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அம்மா தொடங்கும்போதே ஊசி நகக்கண்ணில் இறங்கிச் சீழ் வைத்துவிட்டது. சனிக்கிழமை காலை அப்பா லீவு போட்டு அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். போகும்போது, "பைய அப்படியே வெச்சிரு. நிசார் பாய்க்கு போன் போட்டு முடியலன்னு சொல்லிடு" என்றாள் அம்மா.

நான் போன் போடவில்லை. அந்தப் பையைப் பார்த்ததும் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலை நின்றுவிட்டது, பெண் துணிந்து பொறுப்பை ஏற்று, திட்டம் போட்டு முடிக்கிறாள். என் சொந்த முயற்சி, என் சொந்தத் திட்டம், நானே ஹீரோ! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மா பேருந்து ஏறுவதற்குள் கட்டுரையின் கடைசி வரிகூட எனக்குத் தயாராகிவிட்டது.

சவுரி அத்தையையும் அஃப்ஸர் ஆன்ட்டியையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் அப்பர் தைக்கிறவர்கள்தான். கேட்ட மாத்திரத்தில் வந்தார்கள். என் திட்டம் இது: இடதுகால் இருபதும் ஆன்ட்டிக்கு, வலதுகால் இருபதும் அத்தைக்கு. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தைத்தால் கை பழகும், வேகம் கூடும். காகிதத்தில் நேரம் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன்.

ஆன்ட்டி பையிலிருந்து துண்டுகளை எடுத்தவர் நிறுத்தினார். "ஏம்மா, ஜோடிய பிரிச்சி குடுப்பாங்களா? ஒரு ஜோடி ஒரே கைல இல்ல இருக்கணும்?"

"கம்பெனியில லைன்ல எல்லாம் இப்படித்தான் ஆன்ட்டி பிரிக்கிறாங்க. நான் கணக்கு போட்டுட்டேன்" என்றேன். கம்பெனியில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அத்தை ஆன்ட்டியைப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்லுது. அவங்க அப்பாவும் கம்பெனியில இருக்காரு. தெரியாமயா சொல்லும்?" என்று ஊசியைக் கோத்துவிட்டார்.

அவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன், மணி பார்த்துக் காகிதத்தில் குறித்தேன், மேஸ்திரி மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஐந்து மணிக்கு நாற்பதும் முடிந்துவிட்டன.

ஆறு மணிக்கு அம்மா கட்டுப் போட்ட கையோடு வந்தாள். தைத்து அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு இடதையும் ஒரு வலதையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். மலர்ந்தது அப்படியே சுருங்கியது. இன்னொரு ஜோடியை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். ஆன்ட்டியின் கை இறுக்கம், நூலைச் சுண்டி இழுப்பார். அத்தையின் கை இளக்கம். இடதின் மூக்கு சுருங்கி நின்றது, வலதின் மூக்கு பரந்து படுத்திருந்தது. ஒன்று அண்ணன் காலுக்கு, ஒன்று தம்பி காலுக்கு. பதினேழு வருடம் அந்த வீட்டில் வளர்ந்தும், அம்மா ஒருத்தியே இரண்டையும் தைப்பதைத்தான் பார்த்திருந்தேனே தவிர, அது ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"ஜோடிய யாரு பிரிச்சது?" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி சொன்னார்: "நாந்தான் கெங்கா. லெஃப்ட்டுன்னா எனக்கு சுளுவா வரும், அதெல்லாம் எனக்கே குடுன்னு கேட்டு வாங்கிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு."

"நானும்தான் சரின்னேன். இவளுக்கு வயசாச்சு, எனக்குமா ஆச்சு?" என்றார் அத்தை.

அவர்கள் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காலையில் நான் சிடுசிடுத்ததை, கணக்கு போட்டுட்டேன் என்று பீற்றிக்கொண்டதை, எதையும் சொல்லவில்லை. நாள் முழுக்கக் குனிந்து தைத்து விரல் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்கு மேல் என் தப்பையும் தூக்கித் தங்கள் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். "இல்லம்மா, நான்தான். இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்று அழுதுவிட்டேன். எதற்காகச் செய்தேன் என்பதையும் சொன்னேன், கட்டுரைக்காக என்று. சொல்லும்போது உடம்பெல்லாம் கூசியது.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அந்த ஜோடியைத் தரையில் பக்கம் பக்கமாக நிறுத்தினாள். பிறகு சவுரி அத்தை களுக்கென்று சிரித்துவிட்டார். "கெங்கா, இத அப்படியே அனுப்பு. வெளிநாட்டுல ஒரு கால் பெருசு ஒரு கால் சின்னதுன்னு எவனாவது இருப்பான். அவனுக்கு ஆவும்." ஆன்ட்டிக்கும் சிரிப்பு தாங்கவில்லை, அம்மாவுக்கும். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வழி அம்மாதான் கண்டுபிடித்தாள். இடதில் பத்தின் தையலையும் வலதில் பத்தின் தையலையும் பிரிக்க வேண்டும். ஆன்ட்டி தைத்த மீதிப் பத்து இடதுக்கு ஆன்ட்டியே வலது தைக்க வேண்டும். அத்தை தைத்த பத்து வலதுக்கு அத்தையே இடது. என்னை ஊசியைத் தொடவிடவில்லை, மூன்றாவது கை வந்தால் இன்னும் பேஜார். என் வேலை பிரிப்பது. நூலை அறுத்து, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மெல்ல உருவ வேண்டும். தோலில் கீறல் விழுந்தால் அந்தத் துண்டே போயிற்று. அம்மா கட்டுப் போடாத கையால் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் உருவினேன். படுக்கப் போவதற்குள் இருபதையும் பிரித்துவிட்டோம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே இருவரும் வந்துவிட்டார்கள். சவுரி அத்தை ஞாயிறு பூசையைத் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலிலும் முக்காடு போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறவர். அஃப்ஸர் ஆன்ட்டிக்குப் பேரணாம்பட்டில் தம்பி மகன் வக்கார் அகமதுவின் நிச்சயதார்த்தம். வீட்டுக்காரர்களை முன்னால் அனுப்பிவிட்டு, நல்ல புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு எங்க ஓடிடப் போறா? சாயங்காலம் போயி பாத்துக்கறேன்" என்றார்.

நிசார் பாய் பன்னிரண்டு மணிக்கு வந்தார். ஒவ்வொரு ஜோடியாக எடுத்து மூக்கோடு மூக்கு வைத்து அழுத்திப் பார்த்தார். "கெங்கம்மா, இது உன் கை இல்லியே" என்றார். அம்மா கட்டைக் காட்டினாள். "பத்து அஃப்ஸர் கை, பத்து சவுரி கை. கலக்காம வெச்சிருக்கோம்." அவர் தலையாட்டிப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"போடி, போயி உன் கட்டுரைய எழுது" என்று அத்தை என்னை முதுகில் தள்ளிவிட்டார். "ஆறு மணிக்குள்ளன்னு சொன்னியே, இன்னா பேஸ்து அடிச்ச மாதிரி நிக்கிற?"

உள்ளே போய் உட்கார்ந்தேன். அதே ஒற்றைக் கோடு. கேள்வியைத் திரும்பப் படித்தேன். பிறர் உதவியின்றி, முழுக்க உங்கள் சொந்த முயற்சியில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு நாள் தலையை உடைத்துக்கொண்டேனே, அப்படி ஒரு காரியத்தை நான் நேற்றுத்தானே செய்தேன்! யார் சொன்னதையும் கேட்காமல், யாரிடமும் எதையும் விசாரிக்காமல், என் சொந்த மூளையை மட்டும் நம்பி.

'நான்' என்பதற்குப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். 'நான் நேற்று இருபது ஜோடி ஷூக்களைத் தனியாகக் கெடுத்தேன். என் வாழ்க்கையில் யாருடைய உதவியும் இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.'

அதற்கப்புறம் கை நிற்கவில்லை. பதினெட்டு நாள் நகர்ந்து நில்லுங்கள் என்று விரட்டிய அத்தனை பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள், ஒருத்தரையும் நான் தடுக்கவில்லை. சீரியல் பார்க்காத மார்ச் மாதம் வந்தது. அறுந்த செருப்போடு கடைக்குப் போனது வந்தது. என் தப்பை ஆன்ட்டி தன்னுடையது என்று சொன்ன இடத்தை எழுதும்போது திரை கலங்கி எழுத்துப் பிழை நிறைய விழுந்தது. இளக்கமான கையும் இறுக்கமான கையும் எப்படிச் சரிக்கட்டப்பட்டன என்பதைக் கணக்காகவே எழுதிக் காட்டினேன். கணிதம் ஏன் படிக்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. காகிதத்தில் சரியாக வந்த என் கணக்கு தோலில் தப்பாகிப்போனது எப்படி என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வெளியே தெருவில் ஒரு டிவி சத்தம் இல்லை. அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலரைக்குப் பிரேம்நாத் சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார். "சாதனைய கேட்டா நீ தப்பு பண்ணத எழுதியிருக்கே. ரிஸ்க்தான் சௌமியா." அப்புறம், "நாலு கமா தப்பு. திருத்திட்டு அனுப்பு. வேற எதையும் தொடாத" என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது. நெட்வொர்க்காகவும் இருக்கலாம்.

கட்டுரையை ஏற்றியதும் கீழே இன்னொரு கட்டம் திறந்தது. இந்த விண்ணப்பத்துக்கு யாரிடமாவது உதவி பெற்றிருந்தால் அவர்கள் பெயரையும் உதவியையும் நூற்றைம்பது எழுத்துகளுக்குள் குறிப்பிடவும். எதையும் எழுதாமல் விட்டிருக்கலாம். நவீன்குமார் அப்படித்தான் விட்டானாம். எனக்கு மனசு வரவில்லை. சவுரியம்மாள், பூசைக்குப் போகவில்லை. அஃப்ஸர் ஜஹான், நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாகப் போனார். அப்பா கன்னியப்பன், கைப்பேசி கொடுத்தார். நிசார் அஹமது, பையை ஏற்றுக்கொண்டார். பிரேம்நாத், நாலு கமா. கட்டம் நிறைந்துவிட்டது. மணி ஐந்து ஐம்பது. அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அம்மா பெயர் இல்லை. கமாவுக்கு இடம் இருந்தது, நிசார் பாய்க்கு இடம் இருந்தது, அம்மாவுக்கு இல்லை. திரும்பத் திறக்கப் பார்த்தேன், சமர்ப்பித்த பின் மாற்ற இயலாது என்றது. யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரி, மார்ச் முழுக்க, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும்போதுகூட, அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரலில் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. இருபது பேரில் நான் ஒருத்தி. அப்பா கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. ஆன்ட்டி எங்கிருந்தோ பேடா வாங்கிவந்து என் வாயில் திணித்தார்.

"எங்களப் பத்தி எழுதினியாமே, இன்னா எழுதின? படி கேப்போம்" என்றார் சவுரி அத்தை. கட்டுரையைத் தமிழில் சொன்னேன். அழுதார்கள், சிரித்தார்கள், நடுநடுவே திருத்தினார்கள். அந்த சீரியல் மாமியார் செத்துப்போனது தனக்குத் தெரியும் என்று அத்தை சாதித்தார். கடைசிக் கட்டத்தைப் படிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கமா வரைக்கும் வந்து நின்றேன்.

"கெங்கா பேரு?" என்றார் ஆன்ட்டி.

"இடம் பத்தல" என்றேன். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லார் முன்னாலும் உடைந்துவிட்டது. "உன் பேர விட்டுட்டேம்மா. உன்னத்தான் மொதல்ல போட்டிருக்கணும்."

அம்மா மடியில் கிடந்த அப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்த ஃபாரத்துல மொதப் பக்கத்துல தாயார் பேருன்னு கேட்டான் இல்ல?"

"கேட்டான்."

"அதுல யார் பேர போட்ட?"

"உன் பேருதாம்மா."

"அப்புறம் இன்னாத்துக்குடி அழுவுற? கடைசிக் கட்டத்துல உதவி பண்ணவங்க பேரத்தான கேட்டிருக்கான்? நான் உனக்கு எங்க உதவி பண்ணேன்? நான் உங்க அம்மாடி."